கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறோம்: மகளை ஹாஸ்டலில் விடுவதா, கூடவே அழைத்துப் போவதா?

பனங்காட்டு மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஜூனில் குடும்பமாகப் புனோம் பென் போகிறோம். கணவர் அங்கே வேதாகமப் பாடம் நடத்தப் போகிறார். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. பெரியவளை இங்கேயே ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள், அங்கே போனால் தமிழும் போய்விடும், படிப்பும் போய்விடும் என்கிறார் என் மாமியார். வடநாட்டுப் பணித்தளங்களுக்குப் போன எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல அப்படித்தான் செய்தன. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வருகிற காணிக்கையில் சர்வதேசப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அங்கே பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மீகாங் கரை:
அழைத்துப் போங்கள் சிஸ்டர். எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் புனோம் பென்னில், ரஷ்யன் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவர்கள்.

பள்ளியைப் பற்றி முதலில். அந்த நாட்டு மொழியான கெமரில் நடக்கும் உள்ளூர்ப் பள்ளிகள் பலவற்றில் அரை நாள்தான் வகுப்பு. காலையில் அங்கே அனுப்பினேன், மதியம் வீட்டில் ஆங்கிலமும் கணக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. க, ங, ச, ஞ என்று நம் வரிசையிலேயே போகும். என் பெரியவன் அதைப் பார்த்ததும் பயம் விட்டு உட்கார்ந்துவிட்டான். எழுத்துகள் நம்மைவிட அதிகம், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும். பேச்சைத் தெருப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். மூத்தவர்களை 'போங்' என்று கூப்பிடப் பழக்குங்கள். அண்ணன், அக்கா இருவருக்கும் அதே சொல்தான். அங்கே யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நன்றாக இருக்காது.

தமிழுக்கு நாங்கள் வைத்திருந்தது இரவு குடும்ப ஜெபம். வேதம் வாசிப்பது தமிழில், பிள்ளைகள் முறை வைத்து வாசிப்பார்கள். என் கடைசி மகள் தமிழ் வாசிக்கக் கற்றதே சங்கீதப் புத்தகத்தில்தான்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அரிசி தின்னும் ஊர். காலையில் 'நம் பஞ்சோக்' விற்பார்கள், நம் இடியாப்பம் மாதிரி அரிசி நூடுல்ஸ், மேலே மீன் குழம்பு. பிரஹோக் என்ற புளிக்கவைத்த மீன் வாசனைக்குத்தான் பழக வேண்டும். பிள்ளைகள் நமக்கு முன்னால் பழகிவிடுவார்கள்.

காய்ச்சலில் கவனமாக இருங்கள். மே முதல் அக்டோபர் வரை மழை, டெங்கு அப்போதுதான் அதிகம். அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் மதியம் தூங்கும்போதும் வலை கட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கந்தா போபா மருத்துவமனையில் குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை. கூட்டம் அதிகம், ஆனால் டெங்குவை அவர்கள் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

இன்னொன்று, சகோதரரிடம் சொல்லுங்கள். அங்கே தலை புனிதமானது. ஜெபிக்கும்போது கேட்காமல் யார் தலையிலும் கைவைக்க வேண்டாம். வீடு வீடாகப் போய் மதம் பரப்பவும் அரசு தடை போட்டிருக்கிறது. பிள்ளைகள் கையில் துண்டுப் பிரதியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் அங்கே விளையாடப் போகட்டும்.

ஹாஸ்டல் விஷயம். நம் நாட்டுக்கு வந்த அமெரிக்க மிஷனெரிகளுக்கும் இதே கவலை இருந்தது. பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பாமல் பக்கத்திலேயே படிக்கவைக்கத்தான் 1901ல் கொடைக்கானலில் பள்ளி தொடங்கினார்கள். அதுவும் ஹாஸ்டல்தான், இருந்தாலும் விடுமுறைக்கு வீடு வந்துவிடலாம். 9 வயதுப் பிள்ளையைக் கடல் தாண்டி விட்டுவிட்டு அங்கே நிம்மதியாக ஊழியம் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லிலோங்வே தம்பி:
அக்கா, நான் மலாவியில் வளர்ந்த மிஷனெரி பிள்ளை. அம்மா அப்பாவோடு இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது சபையில் மேடையேற்றி 'அந்த ஊர்ப் பாட்டு ஒன்று பாடு' என்பார்கள். பாட்டியைப் பார்க்க வந்த பிள்ளைக்கு அது பெரிய பாரம். மகளிடம் முன்னாலேயே கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் நீங்களே பாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், மற்ற மிஷனெரி குடும்பங்கள் வந்து வந்து போவார்கள். நெருங்கிய சிநேகிதர்கள் அப்படித்தான் எனக்குப் போனார்கள். உள்ளூர்ச் சிநேகிதர்கள்தான் நிலைத்தார்கள். அவர்களோடு இன்றும் அவர்கள் மொழியான சிச்சேவாவில்தான் பேசுகிறேன்.

பனங்காட்டு மகள்:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. இதையெல்லாம் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், அழைத்துப் போவதென்று முடிவு செய்துவிட்டோம். செப்டம்பரில் மூன்றாவது பிள்ளையும் வருகிறது. அங்கே பிறந்தால் காகித வேலை என்ன?

மீகாங் கரை:
கர்த்தர் நல்ல சுகத்தோடு தருவார். அங்கே பிறந்தது என்பதற்காகக் கம்போடியக் குடியுரிமை வராது. பிறந்து ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள். வேறு நாட்டு பாஸ்போர்ட் பிள்ளைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும், அது நீண்ட அலைச்சல். மூத்தவர்கள் இருவரின் பாஸ்போர்ட் தேதியையும் இப்போதே பாருங்கள், பிள்ளைகளுக்கு 5 வருடம்தான் தருவார்கள்.