ஜிஎல்2, 3-ஆடிக் புலம்: டெல்டா கேரக்டரின் குறியைச் சரிபார்க்க உதவி தேவை

உள்ளக லாங்லாண்ட்ஸ் பொருத்தத்தை (கலுவா குலத்தின் பிரதிநிதித்துவங்களை ஜிஎல்2, அதாவது 2×2 அணிக்குலத்தின் பிரதிநிதித்துவங்களோடு இணைப்பது) ஓர் எடுத்துக்காட்டில் முழுதாகக் கையால் எழுத வேண்டும். எடுத்தது கண்டக்டர் 27 உள்ள, √-3-ஆல் சிஎம் (கலப்பெண் பெருக்கல்) பெற்ற நீள்வட்ட வளைவரை. 3-இல் கண்டக்டர் அடுக்கு 3. விரிவு புலம் 3-ஆடிக் எண்களோடு √-3, கிளைத்த வகை. இந்த விரிவு புலத்தின் பெருக்கல் குலத்தில் வளைவரை தரும் கேரக்டர் தீட்டா; அதன் கண்டக்டர் அடுக்கு 2.

கலுவா பக்கம் தீட்டாவைத் தூண்டிப் பெறுவதன் டிடர்மினன்டில் இருபடி கேரக்டர் ஒன்று கூடுதலாக வருகிறது. அதனால் அணிக்குலப் பக்கம் தீட்டாவை டெல்டா என்ற திருத்தக் கேரக்டரால் பெருக்கித்தான் கட்ட வேண்டும். கிளைக்காத விரிவில் இது எளிது: டெல்டாவும் கிளைக்காதது, 3-ஐ -1-க்கு அனுப்பும். இங்கே டெல்டா(√-3)-இன் வர்க்கம் -1. ஆக விடை +i அல்லது -i.

சிக்கல் இதுதான்: மையக் கேரக்டர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. எப்சிலான் காரணி (எல்-சார்பின் சமன்பாட்டில் வரும் உள்ளகக் காரணி) மட்டுமே காட்டும், ஏனெனில் கண்டக்டர் அடுக்கு 3 ஒற்றைப்படை. வளைவரையின் உலகளாவிய குறி (எல்லா இடங்களின் எப்சிலான் குறிகளின் பெருக்கம்) +1, முடிவிலியில் -1. எனவே 3-இல் -1 வர வேண்டும்.

தீட்டா(1+√-3) என்பது 1-இன் முதன்மைக் கனமூலம் என்று நிலைநிறுத்தி, காஸ் கூட்டலோடு டெல்டாவைக் கணக்கிட்டவர்கள் படிகளைப் பகிர முடியுமா? எந்தக் கனமூலம் என்பதையும் சொல்லுங்கள். தீட்டாவை இணையால் மாற்றினால் டெல்டா(√-3)-இன் குறியும் மாறும். கூட்டல் கேரக்டரை அலகால் மாற்றியும் விடை மாறவில்லை என்று காட்டினால் பெரும் உதவி. சேஜ் (கணித மென்பொருள்) விடை மட்டும் போதாது, இயல்பாக்கம் எது என்றும் தெரிய வேண்டும்.