கோயிலில் தாலி கட்டியாச்சு, பதிவு செய்தாச்சா? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்த ஜோடிகளுக்கு

போன வாரம் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என்னிடம் வந்து பேசினாள். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பையனோடு லயத்து வீட்டில் இருக்கிறாள். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதான் சமைக்கிறோம். அரசாங்கம் கொடுக்கிற அந்த எஸ்டிஆர் உதவிப் பணம் எங்களுக்குக் குடும்பக் கணக்குல வருமா?" என்று கேட்டாள். ஏற்கெனவே நாலைந்து பேர் என்னிடம் கேட்ட கேள்விதான் இது. அதனால் தெரிந்ததை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

வராது. மலேசியாவில் இந்த விஷயத்தில் பார்ப்பது கூரையை அல்ல, பதிவை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் ஜோடியாகவே கணக்கெடுத்து, இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் உதவி கொடுப்பார்கள். அங்கே இருக்கும் சித்தப்பா மகன் சொன்னதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். இங்கே தேசியப் பதிவுத் துறை, அதாவது ஜேபிஎன், உங்களைக் கணவன் மனைவி என்று எழுதி வைத்திருந்தால்தான் குடும்பம். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு தனி ஆள்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "நாங்க சும்மா சேர்ந்து இருக்கல அக்கா, மாரியம்மன் கோயில்ல தாலி கட்டியாச்சு" என்பார்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சில கோயில்களில் திருமணத்தைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் இருப்பார். அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் கவலை இல்லை. ஐயர் மந்திரம் சொல்லி, ஊர் கூடிச் சாப்பிட்டதோடு முடிந்திருந்தால் அரசாங்கப் பதிவில் நீங்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கல்யாணம் 2012இல் பட்டுக்கோட்டையில் நடந்தது. பத்து நாள் லீவில் மலேசியாவிலிருந்து வந்த என் கணவர் உடனே திரும்ப வேண்டியிருந்ததால் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மலேசியக் குடிமக்கள் வெளிநாட்டில் கல்யாணம் செய்தால் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கே வந்து பதியலாம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறு ஆண்டு, அப்போது அரசாங்கம் கொடுத்த பிரிம் உதவித்தொகை குடும்பத்துக்கு 500 வெள்ளி (ரிங்கிட்), தனி ஆளுக்கு 250 வெள்ளி. என் கணவருக்கு வந்தது 250. அந்தப் பணம் போனது பெரிதல்ல. மனைவி என்ற பாஸ் கிடைக்காமல் விசிட்டில் வந்து வந்து திரும்பினேன் பாருங்கள், ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் வயிறு கலங்கும். 2014இல் எல்லாக் காகிதமும் சரியான பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, இப்போதைய நிலவரம். எஸ்டிஆர் என்ற ரஹ்மா ரொக்க உதவிக்குக் குடும்பப் பிரிவில் மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். தனிநபர் பிரிவில் 21 வயதிலிருந்து 59 வரை, 2,500 வெள்ளிக்குள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆகவே தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகள் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தால், ஆளுக்கொரு தனி விண்ணப்பம் போடலாம். அது ஏமாற்று அல்ல, விதியே அப்படித்தான். பதிந்த பிறகு 3,400 வெள்ளி வருமானமுள்ள ஒரு குடும்பமாக விண்ணப்பத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரில் ஒருவருக்கு 21 ஆகவில்லை என்றால் அவர் தனிநபர் பிரிவில் வரமாட்டார். அந்த வயதில் பதிவுத் திருமணத்துக்கும் பெற்றோர் சம்மதம் தேவை.

நம்மைப் போல் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு நம் பெயரில் எஸ்டிஆர் கிடையாது. விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமக்களாக இருக்க வேண்டும். ஆனால் பதிவான மனைவி என்றால் கணவர் குடும்பப் பிரிவில் போடலாம், உங்கள் விவரம் அதில் சேரும். மைகார்ட் என்ற அடையாளக் கார்டில் விழும் சாரா, அதாவது அடிப்படைப் பொருள் வாங்கக் கொடுக்கும் பணமும் குடிமக்கள் பெயரில்தான். 2025 ஆகஸ்டு 31இலிருந்து 18 வயது தாண்டிய குடிமக்கள் எல்லாருக்கும் 100 வெள்ளி கொடுத்தார்களே, அதை வைத்து என் கணவர் அரிசி எண்ணெய் வாங்கினார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விண்ணப்பத்துக்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. "நான் போட்டுத் தரேன், 50 வெள்ளி கொடு" என்று வருபவர்களிடம் அடையாளக் கார்டைக் கொடுக்காதீர்கள்.

சமூகநலத் துறையின் மாத உதவி வேறு மாதிரி. அங்கே ஆள் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பார்கள். கூட இருப்பவரை மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். எங்கள் லயத்தில் ஒரு ஜோடி. பையன் இங்கே பிறந்தவன், பெண் நம்ம ஊர். கையில் காசு சேரட்டும், பிறகு பதியலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. மலேசிய அரசியலமைப்புப்படி, பதிவான திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். அப்பா மலேசியர், பிறந்த இடம் மலேசியா, இருந்தும் பிறப்புச் சான்றிதழில் குடிமகன் அல்ல என்று எழுதப்பட்டது. பிறகு அவர்கள் பதிந்தார்கள், ஆனாலும் அந்த வரி தானாக மாறவில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு மனுப் போடலாம், அவர்களும் போட்டு, காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எந்த உதவிப் பணமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே அலைந்தார்கள். அந்தப் பெண் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் மறக்க மாட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றால் சீர், பந்தல் எதையும் பார்க்காதீர்கள், முதலில் பதிவு.

அதற்கும் நாள் பிடிக்கும். விண்ணப்பித்த பிறகு 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். உங்களுக்கு இந்தியத் தூதரகத்திலிருந்து கல்யாணம் ஆகாதவர் என்ற சான்று வேண்டும். அதை வாங்க ஊரிலிருந்து காகிதம் வரவழைக்கக் கூடுதல் நாள் ஆகும். பதிவான பிறகு குடிநுழைவுத் துறையில் நீண்டகாலச் சமூக வருகை பாஸ் எடுங்கள்.

தோட்ட வேலைப் பெர்மிட்டில் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெர்மிட்டின் நிபந்தனையிலேயே இங்கே கல்யாணம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பதிவு செய்யப் போகும் இடத்தில் கதவு மூடியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் மலேசியக் குடிமகள் என்பதால், இங்கே பிறக்கும் குழந்தை அவள் குடியுரிமையைப் பெறும். இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றால் நான் மேலே எழுதியது பொருந்தாது. சேர்ந்து வாழ்வதே அங்கே ஷரியா குற்றம், திருமணமும் சமய இலாகா வழியாகத்தான்.

அப்புறம் சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புக் காப்பு. தோட்டத்தில் குலை வெட்டும் அரிவாளும் டிராக்டரும் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துக் காப்பு உண்டு. வேலையில் ஒருவர் இறந்தால் விதவை மனைவிக்கு உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் போகும். மனைவி என்றால் சட்டப்படி மனைவி. பத்து வருடம் சோறாக்கிப் போட்டவள் என்பதற்காக அங்கே பணம் வராது.

சம்பளத்தில் பிடிக்கும் ஊழியர் சேமநிதியில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் நியமனதாரராக யார் பெயரை எழுதுகிறாரோ அவருக்கே பணம் போய்ச் சேரும், அவர் மனைவியாக இருக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் முதலாளி 2 சதவீதம், தொழிலாளி 2 சதவீதம் பிடிக்கிறார்கள். பல பேர் வேலையில் சேர்ந்த நாளில் அம்மா பெயரை எழுதியதோடு சரி. இன்னும் பதியாத ஜோடிகள் இந்த மாதமே சேமநிதி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெயரைப் பாருங்கள். அந்தப் புதுக்கோட்டைத் தங்கச்சியிடமும் முதலில் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். வருகிற செவ்வாய் அவளை ஜேபிஎன்னுக்கு நானே கூட்டிப் போகிறேன். இந்தப் பக்கம் வேறு யாருக்காவது துணை வேண்டுமென்றால் சொல்லுங்கள், காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.