நன்மாறனை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கீழவாசல்காரன்:
மதுரைக்காரர்களுக்குப் பெயரே போதும், அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்கு: மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், மதுரை கிழக்கின் முன்னாள் எம்.எல்.ஏ., இப்போது இல்லை. 2021. அம்மா பெயருக்குப் பட்டா மாற்றும் விஷயமாக ஆட்சியர் அலுவலகம் போயிருந்தேன். வெளியே ஒருவரிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன், கூட்டத்தில் நன்மாறன். பக்கத்தில் அவர் மனைவி. யாருக்காகவோ பேச வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் வேறு எதற்கு வருவார்? சரி, ஒரு வணக்கம் போட்டுவிட்டு நம் மனுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்தது. இடம் போய்விடுமே என்று திரும்பிவிட்டேன்.

அப்புறம் வாட்ஸப்பில் அந்தப் படம் வந்தது. வாடகை வீட்டில் இருக்கிறவர், தனக்குத்தான் அரசு வீடு கேட்டு மனு கொடுக்க வந்திருக்கிறார். நான் பட்டாவுக்கு, அவர் வீட்டுக்கு. அவரிடம் சிபாரிசு கேட்கக் கிளம்பின அந்த இரண்டு எட்டுதான் இன்னும் உறுத்துகிறது.

முனிச்சாலை மணி:
எனக்கு அரசியல் தெரியாத வயது. தெருமுனையில் கூட்டம் என்றால் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போவார். கட்சி எதுவானால் என்ன, நன்மாறன் பேசுகிறார் என்றால் எல்லாக் கட்சிக்காரனும் வந்து நிற்பான். ‘மேடைக் கலைவாணர்’ என்று சும்மா பட்டம் கொடுக்கவில்லை. என்ன பேசினார் என்று ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது பந்தோபஸ்துக்கு நின்ற ஒரு போலீஸ்காரர். ஆளுங்கட்சியைக் கிழித்துக்கொண்டிருக்கிறார், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. இவர் சிரிக்கக் கூடாதே! லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூடியிருந்த பாத்திரக்கடை ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் குலுங்குகிறது. அப்பாதான் காட்டினார்.

தெற்குச்சீமை:
எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. பஸ்ஸில் இலவசம். அப்படியிருக்க ஏழைகளுக்கு ஒதுக்கிய வீட்டைக் கேட்பது என்ன நியாயம்? எளிமையை வைத்துச் சாக்கடை கட்ட முடியுமா?

எங்கள் ஊர் எம்.எல்.ஏ. (ஊர், பேர் வேண்டாம்) நாலு கார் வைத்திருந்தார், எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் என் சித்தப்பா வெளியூரில் விபத்தில் இறந்தபோது, போன் போட்ட அரை மணி நேரத்தில் ஆள் அனுப்பினார். உடம்பு ராத்திரிக்குள் வீடு வந்தது. அடுத்த நாள் அவரே மாலையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சித்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த வெள்ளை வேட்டியில் வாசல் சேறு ஒட்டியிருந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை, மதிக்கவும் முடியவில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் வீட்டு ஏழு ஓட்டும் அவருக்குத்தான். சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

கீழவாசல்காரன்:
அண்ணே, பென்ஷன் கணக்கு பேசுமுன் அந்தக் கட்சியின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்சிஸ்ட் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளம் கட்சிக்குப் போகும். முழுநேர ஊழியருக்குக் கட்சி ஒரு தொகை கொடுக்கும், வீடு ஓடுவது அதில்தான். உங்கள் நாலு கார்க்காரர் பெட்ரோல் போடும் காசுகூட அது வராது.

தெற்குச்சீமை:
கட்சிக்காகவே வாழ்ந்தவருக்குக் கட்சி ஒரு வீடு கொடுத்திருக்கலாமே? அதைத்தான் கேட்கிறேன்.

சாந்தி டீச்சர்:
வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பிகளா, என் கதை வேறு. நான் அவருக்கு ஓட்டுப் போட்டவள் இல்லை.

2006 தேர்தல், மதுரை கிழக்கு. 2001இல் ஜெயித்தவர் மறுபடியும் நின்றார். முதல் தடவை அ.தி.மு.க. கூட்டணி, இந்தத் தடவை தி.மு.க. கூட்டணி. எதிரே ம.தி.மு.க.வின் பம்பரம். என் மாமனார் பம்பரக் கட்சி, அதனால் வீடே பம்பரம். அன்றைக்கு நல்ல வெயில். சாயந்தரம் போகலாம் என்று படுத்தேன், எழுந்தபோது ஐந்தைத் தாண்டிவிட்டது. மாமியாரும் என்னை நம்பித் தூங்கிவிட்டார். ஆக இரண்டு ஓட்டு போச்சு. போனால் போகிறது, இரண்டு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

எண்ணி முடித்தபோது நன்மாறன் ஜெயித்த வித்தியாசம் 51 ஓட்டு. ஐம்பத்தொன்று! மாமனார் ரேடியோவை அணைத்துவிட்டு, எங்கள் தெருவில் போடாதவர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்த வீட்டில் மூன்று, பால்காரர் வீட்டில் நாலு... கடைசியில் என் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலை மட்டும் மடக்கினார்.

கொஞ்ச நாள் கழித்து நன்மாறன் எங்கள் தெரு வழியாக நடந்து போனார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். நான் தூங்கியதால் ஜெயித்தவர் மாதிரி ஒரு நினைப்பு. மாமனார் உள்ளே இருந்து பார்த்துவிட்டாரோ என்று ஒரு பயம் வேறு.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
சாந்தி அம்மா சொன்னது உண்மை. அந்த 51ஐ அப்போது ஊரே பேசியது.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, சின்னதுதான். சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கே ஒவ்வொரு அறை வாசலிலும் தொகுதிக்காரர்கள். ஒருவர் துண்டை விரித்துத் தூங்குகிறார், அவரைத் தாண்டித்தான் எம்.எல்.ஏ.வே பல் துலக்கப் போகிறார். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: எம்.எல்.ஏ.விடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள் (பணத்தைச் சொல்லவில்லை). மனு இரண்டு பிரதி, முன்பு கொடுத்த மனுவின் ரசீது நகல், தொலைபேசி எண், தெளிவான ஒரே ஒரு கோரிக்கை. நாலைந்தைச் சேர்த்து எழுதினால் நாலைந்து துறைக்கும் சுற்றும், எங்கும் தங்காது. சாலை கேட்டால் முதலில் அது மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். பஸ் நிழற்குடை, சத்துணவுக் கூடம், பள்ளிக்கு வகுப்பறை மாதிரியானவை தொகுதி மேம்பாட்டு நிதியில் வரும். இப்போது அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதியும் டெண்டரும் அதிகாரிகள் பக்கம். இது தெரியாமல் நிதியையே தின்றுவிட்டார் என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய.

அப்புறம் சட்டமன்றம் நடக்கும்போது அவரைத் தொகுதியில் தேடாதீர்கள். மானியக் கோரிக்கை (துறைவாரியாக நிதி ஒதுக்கும் விவாதம்) நடக்கும் வாரங்களில் உங்கள் பிரச்சினையை எழுதிக் கொடுத்தால், சம்பந்தப்பட்ட துறை வரும் நாளில் துணைக் கேள்வியாகவாவது எழுப்ப முடியும். அமைச்சர் அவையில் சொன்ன பதிலுக்கு ஒரு மதிப்பு உண்டு. சம்பளமும் அதிகம் என்பீர்கள். 2017இல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது உண்மைதான். ஆனால் கல்யாணம், காது குத்து, சாவு என்று மொய்க்கும் மாலைக்குமே எவ்வளவு போகும் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

முனிச்சாலை மணி:
ஐயா, யாருமே கேட்கவில்லையே!

ஓய்வுபெற்ற எழுத்தர்:
கேட்காவிட்டாலும் ஒருநாள் உதவும் தம்பி.

வைகைக்கரை:
எனக்கு அவரோடு பேச்சே கிடையாது. 2021 அக்டோபர் 28. ராஜாஜி அரசு மருத்துவமனையில் என் மாமாவைச் சேர்த்திருந்தோம். பிளாஸ்க்கில் டீ வாங்க வெளியே வந்தேன். வாசலில் செங்கொடிக்காரர்கள், வயதானவர்கள், ஒருவருக்கொருவர் பேசாமல் நிற்கிறார்கள். யார் என்று கேட்டேன், நன்மாறன் இங்கே காலமாகிவிட்டார் என்றார்கள். 74 வயது. எம்.எல்.ஏ.வாக இருந்தவர் தனியார் மருத்துவமனையில் அல்லவா இருப்பார் என்று நினைத்துவிட்டேன், வாய்விட்டும் கேட்டுவிட்டேன். ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு டீ வாங்கவே தோன்றவில்லை, காலிப் பிளாஸ்க்கோடு மேலே போனேன். மாமா திட்டினார்.

தெற்குச்சீமை:
சரி, என் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அழுத்தவும் இல்லை. கீழவாசல் தம்பி, உங்கள் அம்மா பட்டா வந்ததா?

கீழவாசல்காரன்:
வந்தது அண்ணே. தாமதத்துக்கு நாங்கள்தான் காரணம், பழைய பத்திரத்தில் தாத்தா பெயரை அப்பாவே தப்பாக எழுதி வைத்திருந்தார். எழுத்தர் ஐயா சொன்ன மாதிரி ஒரே கோரிக்கைதான் எழுதினேன். இரண்டு பிரதி எடுக்கவில்லை.