மாடும் மேய்ச்சல் தரவையும்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கோ

வலதுகரையான்:
காலபோக நெல் விதைப்புக்கு முன் வைக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். திகதி குறிப்பார்கள், அதற்குள் மாட்டுப் பட்டியை வயல்வெளியிலிருந்து கலைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டித் தண்டம். சரி, கலைக்கிறோம், எங்கே? முத்தையன்கட்டுப் பக்கம் ஐயா காலத்திலிருந்து மேய்த்த தரவைக்குக் கொண்டுபோனால் புதிதாக எல்லைக்கல் நிற்கிறது. சீருடையில் இரண்டு பேர். "அண்ணை, இது இப்ப காடு." காடா? ஒரு பாலை மரம்கூட இல்லை, அறுகும் கோரையும்தான். நான் கதைத்துக்கொண்டிருக்க, எங்கள் கிழட்டுச் சிவலை மாடு நேரே போய் அந்தக் கல்லில் ஆறுதலாகக் கழுத்தைத் தேய்த்து, காயாத வெள்ளைப் பெயின்ற் ஒட்டிய கழுத்தோடு உள்ளே இறங்கி மேயத் தொடங்கிவிட்டது. பின்னால் முழுப் பட்டியும். இளையவர் சிரித்துவிட்டார். மற்றவர் போனை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்த அலைச்சலை எழுதினால் விடிந்துவிடும்.

மல்லாவி வயற்காரி:
அண்ணை, உங்கள் சிவலைக்கு நானும் சிரித்தேன். இப்போது என் பக்கத்தையும் கேளுங்கோ. விதைத்து மூன்று கிழமைப் பயிர், இரவு நாய் குலைக்கிறது, ரோச் அடித்துப் பார்த்தால் ஒரு நாகு, கன்று போடாத இளம் பசு, வாய் நிறையப் பயிரோடு நிற்கிறது. வேரில் சேறு சொட்டுகிறது. ஓடவேயில்லை, அசைபோட்டபடி என்னையே பார்க்கிறது. தொடையில் சொந்தக்காரர் சுட்ட குறி தெளிவாகத் தெரிகிறது. காலையில் குறிக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போனால், "அது என்ர மாடு இல்லைப் பிள்ளை, ஆரோ என்ர குறியைச் சுட்டிருக்கினம்" என்கிறார்! தரவை இல்லை என்பது உண்மைதான், நானும் ஏற்கிறேன். அதற்காகத் தரவையை என் வயலில் தேடலாமா? கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள்.

வலதுகரையான்:
கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன் தங்கச்சி. "அடுத்த விடயத்துக்குப் போவம்" என்றார்கள். மாட்டுக்காரர் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டாதேங்கோ.

புதுக்குடியிருப்பான்:
நான் இப்போது இருப்பது அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில். இறைச்சி மாட்டுப் பண்ணையில் வேலை. இங்கே தரவைக்குக் குறைவில்லை, புல்லுத்தான் வில்லன். டோல் ஃபெஸ்க்யூ என்று ஒரு புல், 1931இல் கென்டக்கியில் ஒரு மலைச்சரிவில் கண்டெடுத்து 1943இல் 'கென்டக்கி 31' என்று வெளியிட்டார்கள், பிறகு எங்கும் அதுதான். பனிக்காலத்தில் ஒரு பசு நொண்டிக்கொண்டு நின்றது, பின்னங்காலில் குளம்புக்கு மேலே கோடு போட்டதுபோல் வீக்கம். வண்டியில் ஏற்ற வாலைப் பிடித்துத் தள்ளினேன். வால் நுனி மயிர்க்கற்றையோடு கழன்று என் கையுறையில் வந்துவிட்டது. இரத்தமே இல்லை. முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஃபெஸ்க்யூ" என்று ஒரு சொல் சொன்னார்.

இலைக்குள்ளேயே ஒரு பூஞ்சணம் வாழ்கிறதாம், கண்ணுக்குத் தெரியாது. அதன் நஞ்சு இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். குளிரில் கால், வால், காது நுனிக்கு இரத்தம் போகாது. கோடையில் உடம்புச் சூடு வெளியேறாது, மாடுகள் நாள் முழுக்கக் குளத்துக்குள் நிற்கும். ஆனால் அந்தப் பூஞ்சணம்தான் புல்லை வறட்சிக்கும் பூச்சிக்கும் தாங்க வைக்கிறது. அதை மட்டும் நீக்கினால் புல்லு தளர்ந்துவிடும். அதனால் போன வருசம் ஒரு பக்கத்தை முழுதாக மாற்றினார்கள்: வசந்தத்தில் விதை கட்ட முதலே மருந்தடித்துப் பழைய புல்லைச் சாகவைத்து, கோடைக்குத் தினை வகை ஒன்று போட்டு, மீண்டும் மருந்தடித்து, செப்டெம்பரில் தீங்கில்லாத பூஞ்சணம் உள்ள புது இனத்தை விதைத்தார்கள். செலவு பயங்கரம். மற்றப் பக்கங்களில் குளோவர் என்ற அவரைக் குடும்பச் செடியை இடையில் தூவி நஞ்சின் அளவைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது ஊரிலிருந்து மச்சான் "அந்த விதையில ஒரு கிலோ அனுப்படா" என்று கேட்கிறான்.

கோ3 கிளிநொச்சி:
அனுப்பாதேங்கோ. அது குளிர்நாட்டுப் புல்லு, எங்கள் ஆடி வெயிலில் ஒரு மாதம் தாங்காது. தாவரத் தடுப்புக்காப்பில் கேட்காமல் விதை கொண்டுவரவும் கூடாது, வெளியிலிருந்து வந்த பார்த்தீனியக் களை படுத்துகிற பாடு போதாதா? அதைத் தின்ற மாட்டின் பால் கசந்து, பால் சேகரிக்கிற இடத்தில் ஒருநாள் என் கானைத் திருப்பிவிட்டார்கள். வரிசையில் நின்ற எல்லாரும் என் கானையே பார்த்தார்கள். என் கதை அவ்வளவுதான்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கோ-3 என்ற கலப்பின நேப்பியர் வெட்டிப் போடுகிற புல்லு, அதில் மாட்டை இறக்கினால் கட்டை மிதிபட்டுச் செத்துவிடும், தண்ணீர் தேங்கினாலும் அழுகும். மேய்க்கவென்றால் கினிப்புல் அல்லது பிரக்கேரியா. ஐப்பசி மழை பிடித்ததும் வேரோடு பிரித்த துண்டுகளை நடுங்கோ, நன்றாக வேர் பிடிக்கும்வரை ஒரு கன்றைக்கூட உள்ளே விடாதேங்கோ. காணியைத் துண்டு துண்டாக மறித்து மாறி மாறி மேய்க்க வேண்டும், ஒரு சாணுக்குக் கீழே கடிக்க விடக்கூடாது. வேலிக்குக் கதியாலாக, நட்டால் துளிர்க்கிற உயிர்வேலித் தடியாக, கிளிறிசிடியா மரம். குழையை வாட வைத்துப் போட்டால் நன்றாகத் தின்னும். வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து மூன்று கிழமை காற்றுப் போகாமல் மூடி வையுங்கோ. கரையாத யூரியாவை மாடு நக்கினால் செத்துப்போகும், அதைச் சொல்ல மறந்தால் பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

மல்லாவி வயற்காரி:
யூரியாவா? 2021இல் உரத்தைத் தடை செய்தபோது பயிருக்கே கிடைக்கவில்லை. இப்போது விற்கிற விலைக்கு வைக்கோலில் ஊற்றச் சொல்கிறீர்கள்.

நெடுங்கேணியான்:
யூரியாச் சண்டையை நீங்கள் முடியுங்கோ, என் கதை இறுங்கு, அதாவது சோளப் பயிர். வெட்டின கட்டை வெயிலில் வாடிக் கிடந்தது, ஒரு மழை பெய்ய முழங்காலுக்குக் கீழே பச்சைத் தளிர். அவிழ்த்துக்கொண்டு போன பசு தின்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு இழுத்தபடி விழுந்தது. கால்நடை வைத்தியர் வந்து நரம்பில் ஊசி குத்தும்போது வந்த இரத்தம், சத்தியமாக, செம்பருத்திச் சிவப்பு. இளந்தளிரில் சயனைட்டாம். பசு தப்பியது. இடுப்பளவு வளர முதல் விடாதே என்றார், மழை கண்ட தளிரென்றால் இன்னும் கவனம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொன்னேன். "எங்கட அப்பு காலத்தில இறுங்கு தின்னாத மாடோ" என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் அதே வெளியில் கட்டியிருக்கிறார்.

வலதுகரையான்:
கோ3, நல்ல ஆலோசனை. கினிப்புல் நடக் காணி யாருடையது? எல்லைக்கல்லுக்கு அங்கால் நட்டால் அதையும் காடு என்பார்கள்.

கோ3 கிளிநொச்சி:
மல்லாவித் தங்கச்சியிடம் மேட்டுக்காணி குத்தகைக்குக் கேட்டுப் பாருங்கோ.

மல்லாவி வயற்காரி:
வேலி முதலில். பிறகு கதைப்பம்.