ஜம்ப் ஸ்டார்ட் பிளக்கில் வோல்ட் இறங்குகிறது, வழி சொல்லுங்கள்

இடம் கடலூர் முதுநகர், துறைமுகம் பக்கம். வண்டி பொலிரோ பிக்கப், 2.5 லிட்டர் டீசல், 12 வோல்ட். பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்வதற்காக (ஜம்ப் ஸ்டார்ட்), ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியில் வருகிற 175 ஆம்ப் இரட்டைமுனை பிளக்கை முன் பம்பருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். கேபிள் 35 சதுர மி.மீ. செம்பு, பாசிட்டிவ் 3 மீட்டர், எர்த் 3 மீட்டர்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இந்தத் தொல்லை. உதவி வண்டியை இணைத்து செல்ஃப் அடித்தால் 'டக் டக்' சத்தம்தான். பிளக் சுடுகிறது. கிளாம்ப் மீட்டரில் சுமார் 300 ஆம்ப். அந்த நேரத்தில் உதவி பேட்டரியில் 11.3 வோல்ட், என் பேட்டரியில் 8.9. கேபிளில் 0.9 போவது கணக்குக்குச் சரி. ஆனால் பிளக்கின் இரண்டு காண்டாக்டிலும் (உள்ளே தொடுகிற உலோக முனை) தலா 0.7 விழுகிறது, அதுதான் இடிக்கிறது.

எர்த்தை பாடியிலிருந்து எடுத்து என்ஜின் பிளாக்கிலேயே போட்டாயிற்று. லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) எல்லாம் ஹைட்ராலிக் கிரிம்பரில் புதிதாக அழுத்தியது. அங்கே இழப்பு அநேகமாக இல்லை. காண்டாக்டில் பச்சை படிந்திருந்தது, கிளீனர் அடித்துத் துடைத்தேன் (எமரி போட்டால் பூச்சே போய்விடும், அதனால் தொடவில்லை). ரப்பர் மூடியும் போட்டிருக்கிறேன். பலனில்லை.

இந்த உப்புக்காற்றுக்கு, இதே 175 பிளக்கில் வெள்ளி பூசிய புதுக் காண்டாக்ட் மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை 350 ஆம்ப் பிளக்குக்கே போக வேண்டுமா?