முதல் மழைக்கு மறுநாள் மீன் செத்து மிதந்தால் என்ன பார்ப்பது?

ஏரிக்கரை:
அடையாறு கழிமுகத்திலும் சென்னைப் புறநகர் ஏரிகளிலும் கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழைக்கு மறுநாள் மீன் செத்து ஒதுங்குவது உண்டு. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் கரையில் முதலில் பேச்சு எழும். அதற்கு முன் எந்த மீன் செத்திருக்கிறது என்று பாருங்கள். கெண்டையும் மடவையும் மிதக்க, விராலும் தேளியும் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது. பின்னவை இரண்டும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். அவையும் செத்திருந்தால் அமோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, ஆலைக்கழிவு என்று தேட வேண்டும்.

30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மாதக்கணக்காக வடிகாலில் படிந்த கறுப்புச் சேற்றை முதல் வெள்ளம் அடித்துவரும்போது அந்த ஆக்சிஜன் சில மணி நேரத்தில் காலியாகிவிடும்.

பியூரெட்:
ஆக்சிஜனை அளக்க நீர் மாதிரியை விடியும் முன் எடுங்கள். பச்சை பிடித்த ஏரியில் மதியம் எடுத்தால் பாசி வெளியிட்ட ஆக்சிஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல்கூடக் காட்டும். மீன் சாவது பின்னிரவில்.

வாளியில் மொண்டு ஊற்றாதீர்கள், காற்று கலந்துவிடும். 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலின் (நீரின் ஆக்சிஜன் சோதனைக்கான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்) அடிவரை குழாயை விட்டு, வழிய வழிய நிரப்பி, குமிழி இல்லாமல் மூடுங்கள். கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, பிறகு அயோடைடு-அசைடு காரக் கரைசல் 2 மில்லி, பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். வீழ்படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை, அதற்குமேல் டைட்ரேஷனே (பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பது) தேவைப்படாது. பழுப்பானால், படிந்த பின் அடர் கந்தக அமிலம் 2 மில்லி; 203 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்தால் செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். சவ்வு வைத்த மீட்டரை சாக்கடை நீரில் நம்ப வேண்டாம். சல்பைடு அதன் மின்முனையைக் கெடுத்துவிடும்.

வடிகால் நடை:
மழையே இல்லாமல் பத்து நாள் கழித்தும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அதிகாலை 4 மணிக்கு ஒருமுறை, 8 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 8 மணிக்கு ஓட்டம் ஏறினால் அது வீட்டுக் கழிவுநீர். அப்போது வடிகால் வாயில் 10 லிட்டர் வாளி 10 விநாடியில் நிரம்பினால் நாளுக்கு 86,400 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வழங்கி அதில் 80 சதவீதம் கழிவாகிறது என்ற திட்டக் கணக்குப்படி 800 பேரின் கழிவு. உச்ச நேரத்து அளவு என்பதால் உண்மை இதைவிடக் குறையும். நாள் முழுக்க நாலைந்து முறை அளந்து சராசரி போடுங்கள்.

ஏரிக்கரை:
ஆக்சிஜன் ஏற்ற ஏரி நடுவில் செயற்கை நீரூற்று வைப்பதை எதிர்ப்பவன் நான். அந்தப் பணத்தில் வடிகால் வாயில் சிறு தடுப்பு கட்டி, மழையில்லாத நாள் ஓட்டத்தைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பலாம். ஆனால் தடுப்புக்குப் பின்னால் மணல் சேரும். அள்ளாவிட்டால் ஓட்டம் மேலேறி மறுபடி ஏரிக்கே போகும். இணைப்புக் குழாயில் அடைப்புக் கதவு இல்லையென்றால் மழைநீரும் உள்ளே புகுந்து கீழ்த்தெருவில் மேன்ஹோல் பொங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலேயே மணலை அள்ளி, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட வேண்டும்.