தாத்தாவின் தகரப் பொட்டி

குழு: நம்ம குடும்பம் பினாங்கு

பட்டர்வொர்த் சித்தப்பா, காலை 8:14
எல்லாருக்கும் வணக்கம். ஸ்டோர் ரூம் காலி பண்ணிக்கிட்டு இருக்கேன். அப்பாவோட தகரப் பொட்டி ஒன்னு கிடக்கு, துரு ஏறிப் போச்சு. பழைய இரும்புக்காரன் மதியம் வரான். யாருக்காச்சும் வேணுமா?

ஜெலுத்தோங் அத்தை, 8:16
தம்பி போட்டுடாதே!!!

ஜெலுத்தோங் அத்தை, 8:16
அது அப்பா முக்கா ஹெட்ல வச்சிருந்த பொட்டி

சின்னத் தம்பி, 8:21
முக்கா ஹெட்டா? நாங்க ஞாயித்துக்கிழமை அங்கதான் ஹைக்கிங் போறோம். தாத்தாவுக்கு அங்க என்ன வேலை?

ஜெலுத்தோங் அத்தை, 8:22
உனக்கு யாரும் சொல்லலையா? ரூமா ஆப்பிலதான்டா வேலை, அதான் கலங்கரை விளக்கம். விளக்குக் காவல்.

பெரியப்பா, 8:40
தம்பி, கேட்டதுக்குச் சொல்றேன், பொறுமையா படி. அந்தக் கலங்கரை விளக்கம் 1883ல கட்டினது. கோபுரம் 14 மீட்டர்தான். கார்ன்வாலிஸ் கோட்டையில நிக்கிற இரும்பு விளக்கு 21 மீட்டர், ஒரு வருசம் மூத்தது. ஆனா கோட்டை விளக்கு இப்ப எந்தக் கப்பலுக்கும் வழி காட்டுறதில்ல, சுத்திப் பாக்க மட்டும்தான். முக்கா ஹெட்ல மலையே 200 மீட்டருக்கு மேல. அதான் கோபுரத்தை உயரமா கட்டல. தீவோட வடமேற்கு மூலை அது. வங்காள விரிகுடா தாண்டி வர்ற கப்பலுக்கு பினாங்கு அங்கதான் தொடங்குது.

பெரியப்பா, 8:41
தெற்கே பூலாவ் ரிமாவ்ங்கிற குட்டித் தீவுல இன்னொரு விளக்கு, 1885.

ஜெலுத்தோங் அத்தை, 8:47
அம்மா நாகப்பட்டினத்துல ராஜூலா கப்பல் ஏறி வந்தது. விடியறதுக்கு முன்னாடியே டெக்குல எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்களாம். இருட்டுல ஒரு வெளிச்சம் வந்து வந்து போச்சாம். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் “மலாயா வந்துருச்சு”ன்னு அழுதாராம். சாகுற வரைக்கும் அம்மா இதைச் சொல்லும்.

நீங்கள், 8:49
அத்தை! அப்போ பாட்டி பாத்தது தாத்தா ஏத்தின விளக்கா?

பெரியப்பா, 8:53
இல்லம்மா. அம்மா வந்தது 1951. அப்பா மேல வேலைக்குப் போனது 1958. தப்பா சொல்லக் கூடாது. ஆனா அம்மா வந்த ராத்திரியும் யாரோ ஒருத்தர் மேல தூங்காம முழிச்சிருந்தாரு. அவர் பேரு நமக்குத் தெரியாது.

பட்டர்வொர்த் சித்தப்பா, 8:55
எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. அப்ப நான் கைக்குழந்தை.

பெரியப்பா, 9:10
பள்ளி லீவுல ரெண்டு தடவை அப்பா என்னைக் கூட்டிப் போனாரு. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் தகரம் எல்லாம் படகுல வந்து, கரையில இருந்து சுமந்துக்கிட்டுதான் மேல போவணும். கண்ணாடி துடைக்கும்போது அப்பா மோதிரத்தைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டுடுவாரு. ஒரு கீறல் விழுந்தாலும் வெளிச்சம் சிதறிடுமாம். விடிஞ்சதும் திரையை இழுத்து மூடணும். வெயில் அந்தக் கண்ணாடிக்குள்ள புகுந்தா, பூதக்கண்ணாடியில பேப்பர் எரியுமே, அப்படித்தான். நான் ஒரு நாள் திரையை விலக்கிப் பாத்தேன். அப்பா ஒரே ஒரு தடவை என்னை அடிச்சது அன்னைக்குத்தான்.

சின்னத் தம்பி, 9:12
பெரியப்பா 🙏 நான் இதைக் கேக்கவே இல்லையே இத்தனை நாளா

பட்டர்வொர்த் சித்தப்பா, 9:31
பொட்டியைத் தொறந்துட்டேன். ஒரு பித்தளைப் புனல், மடிச்ச வெள்ளைத் துணி, ஒரு நோட்டு. தமிழ் எழுத்து. பாதி கரையான் தின்னுருச்சு.

ஜெலுத்தோங் அத்தை, 9:31
படி தம்பி. என்ன எழுதியிருக்கு

பட்டர்வொர்த் சித்தப்பா, 9:36
தேதி இருந்த இடம் போச்சு. “மழை. மேல்காற்று. ரெண்டு கப்பல். பாப்பாவுக்கு காய்ச்சல் என்று சேதி. இறங்க முடியவில்லை.” அடுத்த நாளும் “மழை. பாப்பா சேதி இல்லை.”

ஜெலுத்தோங் அத்தை, 9:44
அந்தப் பாப்பா நான்தான்

ஜெலுத்தோங் அத்தை, 9:45
அப்பா வரவே இல்லன்னு எவ்வளவு நாள் கோவமா இருந்தேன்

பெரியப்பா, 9:50
மாத்து ஆள் வராம அவரு இறங்க முடியாதும்மா. விளக்கை அணைச்சுட்டு வர முடியுமா?

நீங்கள், 9:58
சித்தப்பா, நோட்டை வெயில்ல வைக்காதீங்க. ஒட்டியிருக்கிற பக்கத்தை இழுக்காதீங்க. பிரியுற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் தட்டச்சு பண்றேன்.

பட்டர்வொர்த் சித்தப்பா, 10:02
சரி பாப்பா. இரும்புக்காரனை வர வேணாம்னு சொல்லிட்டேன்.

பெரியப்பா, 10:05
தம்பி, ஞாயித்துக்கிழமை தெலுக் பாஹாங் பூங்கா வாசல்ல பேர் பதிஞ்சுட்டுப் போ. தெலுக் டுயோங் கரை வரைக்கும் சுலபம், அப்புறம்தான் ஏத்தம். தண்ணி நிறைய எடுத்துக்கோ. குரங்கு பையைப் புடுங்கும், ஜாக்கிரதை.

ஜெலுத்தோங் அத்தை, 10:11
தம்பி, நான் சனிக்கிழமை ஃபெரியில வரேன். அந்தத் துணியைத் துவைச்சுடாதே.